நாலு வாரமாக வராத பையன்: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு நெருங்கிப் பழகுவது எப்படி?

தாம்வே டீச்சர்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரங்கூனில் தாம்வே பக்கம் எங்களுடையது ஒரு சின்னத் தமிழ்ச் சபை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து 8 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பு என் பொறுப்பில் இருக்கிறது. மொத்தம் 14 பேர். முன்பு வகுப்பை நடத்திய அண்ணன் மே மாதம் திடீரென்று வெளிநாடு போய்விட்டார். எங்கள் சபைப் போதகர் ஐயர் என்னைக் கூப்பிட்டு, நீ பார்த்துக்கொள்ளம்மா என்றார். பாட்டு, கதை, மனப்பாட வசனம், படத்துக்கு வர்ணம், கடைசியில் பிஸ்கட்டும் சர்பத்தும். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

போன வாரம் வருகைப் பதிவைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். 11 வயதுப் பையன் ஒருவன் நாலு வாரமாக வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று குடையை எடுத்தேன். எந்தத் தெரு என்றே எனக்குத் தெரியவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தப் பள்ளிக்கூடம், ஒன்றும் தெரியாது. பதிவில் இருப்பது தமிழ்ப் பேர். வெளியில் அவனுக்கு ஒரு பர்மியப் பேர் இருக்கும், அதுவும் தெரியாததால் அக்கம்பக்கத்தில் விசாரிக்கக்கூட முடியவில்லை. நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று யோவான் 10-ஐ ஜூலையில் பலகையில் எழுதிப் போட்டவள் நான்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாடம் நடத்த எனக்கு வருகிறது. பிள்ளைகளோடு உண்மையாகப் பழக எங்கே தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மோல்மேன் அத்தை

முதலில் அந்தப் பையன் வீட்டைக் கண்டுபிடியம்மா. மற்ற பிள்ளைகளைக் கேள். பெரியவர்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

நான் 26 வருஷமாகச் சின்னப் பிள்ளைகள் வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். வீட்டுப் பேர், பள்ளிக்கூடப் பேர், ஆச்சியா அம்மாவா யார் கூட்டிவருகிறார்கள், எதற்குப் பயம், எதைத் தின்னாது என்று எழுதி வைப்பேன். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும், சமையலுக்கு முன்னால், அன்றைக்குக் கேட்டதை எழுதிவிடுவேன். அடுத்த ஞாயிறு "உன் நாய்க்குட்டிக்குக் கால் சரியாகிவிட்டதா?" என்று கேட்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். போன வாரம் சொன்னதை டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார் என்று அதற்குப் புரிந்துவிடும்.

நம் ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பிறந்த கிழமையைச் சொல்லும். பர்மியப் பிள்ளைகளோடு வளர்வதால் வந்த பழக்கம். அந்தக் கிழமையையும் நோட்டில் குறித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பிறந்த பிள்ளைகளுக்காகச் செவ்வாய்க்கிழமை ஜெபிப்பேன். இதை அவர்களிடமே சொல்லியும் இருக்கிறேன். ஒரு பொடியன் வந்து, "அத்தை, போன வியாழன் பரீட்சை இருந்தது, அன்றைக்கு என் நாள்தானே, ஜெபித்தீர்களா?" என்று கணக்குக் கேட்டான்.

அப்புறம் ஒன்று. வகுப்புக்கு 20 நிமிஷம் முன்னாலேயே போய்ப் பாயை விரித்து உட்கார்ந்துகொள். முதலில் வரும் பிள்ளைகள்தான் பேசும். வகுப்பு தொடங்கிவிட்டால் நீ டீச்சர். அதற்கு முன் நீ பாயில் உட்கார்ந்திருக்கிற ஓர் அக்கா, அவ்வளவுதான்.

ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். 9 வயது. எட்டு மாதம் என்னிடம் வாயே திறக்கவில்லை. மரப்பட்டையை உரைத்து எடுக்கிற தனாக்காச் சாந்தைக் கன்னத்தில் மட்டுமா பூசுவாள், காது, கழுத்து, முழங்கை வரை அப்பிக்கொண்டு வருவாள். மற்ற பிள்ளைகள் சிரிக்கும். ஒரு நாள் நான் தனாக்காக் கட்டையும் கல்லும் கொண்டுபோய், வகுப்புக்கு முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்து உரைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கட்டையை அவள் வாங்கிக்கொண்டு உரைத்தாள். அப்போதுதான் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் "கலா, கலா" என்று கூப்பிடுகிறார்களாம், இந்திய வம்சத்தாரைப் பர்மியர்கள் இழிவாகச் சொல்லும் சொல். நிறம் தெரியக் கூடாது என்று பூசுகிறாளாம். நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்கிறார்கள்! அவளை எப்படித் தேற்றுவது என்று எனக்கு உடனே தெரியவில்லை. சேர்ந்து உரைத்தோம். நானும் என் கழுத்து வரை பூசிக்கொண்டு அன்றைக்குப் பாடம் நடத்தினேன்.

இன்செயின் அண்ணன்

அத்தை சொன்னது பெண் பிள்ளைகளுக்கும் சின்னவர்களுக்கும் சரியாக வரும். 11, 12 வயதுப் பையன்களை எதிரே உட்காரவைத்து "எப்படிப்பா இருக்கிறாய்?" என்றால் "நல்லா இருக்கேன்" என்பதோடு முடிந்துவிடும். அவர்கள் கை எதிலாவது வேலையாக இருக்கும்போதுதான் வாய் திறக்கும். நான் சபை முற்றத்தில் அவர்களோடு சின்லோன், அதாவது காலால் தட்டி ஆடுகிற பிரம்புப் பந்து, ஆடுவேன். எனக்கு ஆட வராது, பந்து எப்போதும் சாக்கடைப் பக்கம்தான் போகும். அதை எடுக்க இரண்டு பேர் நடந்துபோகிற அந்த அரை நிமிஷத்தில், அப்பா குடிக்கிறார் என்பதையும் அண்ணன் ஊரைவிட்டுப் போய்விட்டான் என்பதையும் கேட்டிருக்கிறேன். மின்சாரம் இல்லாத நாளில் தண்ணீர் தூக்க ஆள் வேண்டும் என்றால் பையன்களைத்தான் கூப்பிடுவேன். ஒரு வாளியை இரண்டு பேராகப் பிடித்துத் தூக்கும்போதும் அப்படித்தான்.

மொழியையும் பாருங்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிலும் குறைவு. பாட்டைப் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்துத்தான் தமிழில் பாடவைக்கிறோம். பாட்டுக்கு அது சரி. மனசில் உள்ளதைத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று நின்றால் ஒரு பிள்ளையும் சொல்லாது. கோபமும் அழுகையும் அவர்களுக்குப் பர்மிய மொழியில்தான் வரும். கேட்கிறவர் அந்த மொழியில் கேட்க வேண்டும்.

வார நாளில் வைபரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்புவேன். போனில் மொபைல் லெஜண்ட்ஸ் விளையாட்டு ஆடலாம் வா என்பான் ஒரு பையன், ராத்திரி கொஞ்ச நேரம் சேர்ந்து ஆடுவேன். அதில் நல்ல பழக்கம் கிடைக்கிறது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

அண்ணன் நல்ல மனசோடு எழுதியிருக்கிறார், தெரிகிறது. ஆனாலும் ஒரு தாயாக இதைச் சொல்லாமல் போக முடியாது. என் மகனுக்கு ராத்திரி 9 மணிக்கு ஒரு பெரியவர் தனியாகச் செய்தி அனுப்புகிறார் என்றால், அவர் சபை ஆசிரியராக இருந்தாலும் எனக்கு நெஞ்சு பதறும். உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. பெரியவர்கள் தனியாகச் செய்தி அனுப்புவது சாதாரணம் என்று என் பிள்ளை பழகிக்கொண்டால், நாளைக்கு வேறு யாராவது கெட்ட எண்ணத்தோடு அனுப்பினாலும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. நான் பயப்படுவது அதற்குத்தான்.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு சபையில் நடந்த ஒன்று எனக்குத் தெரியும். விவரம் எழுத மாட்டேன். "எல்லோருக்கும் பிடித்த அண்ணன்" என்பதால் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அந்தப் பிள்ளை பேச வாய் திறக்கப் பல வருஷம் ஆனது.

அதனால் தயவுசெய்து என் வழியாக வாருங்கள். என் போனுக்கு அனுப்புங்கள், மகனிடம் கொடுக்கிறேன். பேசும்போது கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வீட்டுக்கு வருகிறீர்களா, சந்தோஷம், இரண்டு பேராக வாருங்கள், நாங்கள் இருக்கும்போது வாருங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் பணமோ பொருளோ கொடுக்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். பிள்ளையை யாராவது அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் நீங்கள் சொல்லியே ஆக வேண்டுமே. "உனக்கு உதவ யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிவிடுவேன்" என்பது போதும். பிள்ளைகளுக்கு அது புரியும்.

இன்செயின் அண்ணன்

நேற்று இதைப் படித்ததும் முதலில் எனக்குக் கஷ்டமாக இருந்தது, அக்கா. ராத்திரி முழுக்க யோசித்தேன். நீங்கள் சொல்வது சரி. இன்று காலை பெற்றோரும் பையன்களும் சேர்ந்து இருக்கிற ஒரே குழுவாக வைபரில் மாற்றிவிட்டேன். ராத்திரி விளையாட்டையும் நிறுத்திவிட்டேன், ஏன் என்று பையன்களிடம் நேரில் சொல்வேன். சின்லோன் பகலில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால்தான், அதை விட மாட்டேன்.

தட்டோன் பக்கத்துப் பெண்

எங்களுடையது வயல் கிராமம். டவுன்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்கிறேன். நடவு நேரத்தில் பாதிப் பிள்ளைகள் வகுப்புக்கு வராது, வரப்பில்தான் இருக்கும். முன்பெல்லாம் பதிவில் வரவில்லை, வரவில்லை என்று புள்ளி வைத்துக்கொண்டே போவேன். இப்போது ஜூலை, ஆகஸ்டில் சனிக்கிழமை சாயங்காலம் நானே வயலுக்குப் போகிறேன். பாதி நாள் சேற்றில் இறங்கி அவர்களோடு நாற்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அங்கே ஒரு கதை சொன்னால் அப்பா அம்மாவும் சேர்ந்து கேட்கிறார்கள். டவுனில் நடவுக்குப் பதில் கியுஷின் என்கிற டியூஷன். ஞாயிறு காலை டியூஷன் இருந்தால் பிள்ளை என்ன செய்யும்? வராத பிள்ளையைக் குற்றவாளி மாதிரிப் பார்க்காதீர்கள்.

தாம்வே டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. வீடு கிடைத்துவிட்டது. மோல்மேன் அத்தை சொன்னபடி பிள்ளைகளைக் கேட்டேன், ஐந்து பேர் ஒரே நேரத்தில் கை காட்டினார்கள். நானும் சபையில் இன்னோர் அக்காவும் போனோம்.

அப்பா அம்மா இரண்டு பேரும் தாய்லாந்தில் வேலை. பையன் ஆச்சியோடு இருக்கிறான். ஆச்சி சந்து முனையில் பயாஜோ என்கிற பருப்பு வடை சுட்டு விற்கிறார். நாங்கள் போனபோது நல்ல மழை. மேலே கட்டிய பிளாஸ்டிக் தாளில் தண்ணீர் தேங்கித் தொங்க, பையன் மூங்கில் கம்பால் அதைக் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கம்பைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டான். வரவே இல்லை.

ஆச்சிதான் சொன்னார். முன்பு வகுப்பு நடத்திய அண்ணன் என்றால் இவனுக்கு உயிர். ஞாயிறு காலை அவர் இந்தச் சந்து வழியாகத்தான் வருவார், இவனையும் கூட்டிக்கொண்டு போவார். மே மாதம் ஒரு நாள் அவர் வரவில்லை. ஒருவரும் இவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. "மழை முடிந்ததும் வந்துவிடுவார்" என்று இவனே ஆச்சியிடம் சொல்லிக்கொண்டு நாலு மாதம் என் வகுப்புக்கு வந்திருக்கிறான். போன மாதம் ஆராதனையில் ஓர் அறிவிப்பு. அந்த அண்ணனுக்கு அங்கே நிரந்தர வேலை கிடைத்துவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று. சபையே கை தட்டியது. நானும் தட்டினேன். அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் அவன் வரவில்லை.

என்ன செய்வது என்று தெரியாமல் ஆச்சியின் கடையில் உட்கார்ந்து பயாஜோ சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கோலாலம்பூரில் இருப்பவன்

இதற்கு முன் இங்கே எழுதியதில்லை. டீச்சர் சொல்லும் அண்ணன் நான் இல்லை. ஆனால் நானும் அப்படி ஒருவன்தான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலாக்கப்போவதாக அறிவித்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வரை. எனக்கு அப்போது 24. அம்மா நகையை விற்றார், இரண்டு மாதத்தில் கிளம்பிவிட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. கடைசி ஞாயிறு வகுப்பில் யோசேப்பின் கதையைப் பாதியில் நிறுத்தி, மீதி அடுத்த வாரம் என்று சொன்னேன். அடுத்த வாரம் நான் அங்கே இருக்க மாட்டேன் என்று தெரிந்தே சொன்னேன்.

9 பிள்ளைகள். ஒவ்வொன்றின் முகமும் நினைவில் இருக்கிறது. இப்போது நான் பேசினால் அவர்களுக்கு நல்லதா, ஆறிய புண்ணைக் கீறுவதா? தெரியவில்லை. டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவே மனம் வரவில்லை.

பழைய ரங்கூன்காரன்

தம்பி, உனக்கும் அந்த டீச்சரம்மாவுக்கும் சேர்த்து எழுதுகிறேன். எனக்கு வயசு 70-க்கு மேல்.

1964-ல் எனக்கு 11 வயது, அந்தப் பையனின் வயதுதான். மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அப்பா தகரப் பெட்டியில் இருந்த நோட்டுகளைத் தரையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்புறம் மதராஸுக்குக் கப்பல். இந்த வாரம் ஒரு குடும்பம், அடுத்த வாரம் இரண்டு குடும்பம். எங்கள் ஞாயிறு வகுப்பில் 30 பேருக்கு மேல் இருந்தோம். இரண்டு வருஷத்தில் 8 பேர் ஆனோம்.

எங்கள் வகுப்பு வாத்தியார் சாதாரண குமாஸ்தா. பெரிய படிப்பு இல்லை, பேச்சும் சுமார்தான். ஆனால் போகிற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் முந்தின நாள் போவார். முடிந்தபோதெல்லாம் துறைமுகத்துக்கும் போவார். மிச்சமிருந்த எங்களில் ஓரிருவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். "அவன் போகிறான், நீ பார்த்து அனுப்பிவிட்டு வா" என்பார். பிள்ளைகளுக்கு எதற்கு இந்தத் துக்கம் என்று பெரியவர்கள் சிலர் அவரைத் திட்டினார்கள். அவர் கேட்கவில்லை.

அதைவிட முக்கியமானது இது. போனவர்களின் பேரை அவர் பதிவிலிருந்து அடிக்கவில்லை. ஞாயிறுதோறும் எல்லாப் பேரையும் வாசிப்பார். போன பிள்ளையின் பேர் வந்தால், அதன் நெருங்கிய கூட்டாளி எழுந்து "கப்பலில் இருக்கிறான், ஐயா" என்று சொல்ல வேண்டும். கடிதம் வந்தபின் "மதராஸில் இருக்கிறான், ஐயா". எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த வகுப்பில் முப்பது பேரின் வருகை எடுத்தார். என் உயிர்க் கூட்டாளிக்காக ஏழெட்டு மாதம் நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்ல எனக்கு ஓர் இடம் இருந்தது. வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா அழுவார், அங்கே சொல்ல முடியாது.

தம்பி, நீ பேசு. பிள்ளைகள் உன்னை மறந்திருக்க மாட்டார்கள். யோசேப்பின் கதையில் மீதியைச் சொல். நீ பொய் சொன்னாய் என்பதையும், பயத்தில் சொன்னாய் என்பதையும் சொல்லிவிடு.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

ஐயா எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். கோலாலம்பூர் தம்பி, இப்போது வகுப்பெடுக்கும் டீச்சரிடம் முதலில் பேசுங்கள். வகுப்பு நேரத்தில், எல்லோர் முன்னாலும், டீச்சரின் போனில் பேசுங்கள். மாதாமாதம் பேசுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், முடியாமல் போனால் இன்னொரு முறை உடையும். இந்த ஒரு தடவை நன்றாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

மோல்மேன் அத்தை

இதை முந்தியே எழுதியிருக்க வேண்டும். என் நோட்டு எனக்கு மட்டும் தெரிந்ததாக இருந்தால், நான் படுத்துவிட்டால் 26 வருஷமும் என்னோடு போய்விடும். இந்த வாரம் என் உதவிக்கு வரும் பெண்ணை உட்காரவைத்து ஒவ்வொரு பக்கமாக வாசித்துக் காட்டத் தொடங்கிவிட்டேன். பிள்ளைகள் நம்பிச் சொன்ன ரகசியமான பக்கங்களை மட்டும் அந்தந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் காட்டுவேன். பிள்ளைக்கு நெருக்கமாக சபையில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். நம் ஊரில் யார் எப்போது கிளம்புவார்கள் என்று சொல்ல முடியாதே.

தாம்வே டீச்சர்

கடைசியாக நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் அந்த அக்காவோடு மறுபடி ஆச்சி கடைக்குப் போனேன். பையன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். இந்த முறை ஓடவில்லை. நானும் ஒரு கத்தியை வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். பத்து வெங்காயம் வரை இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் பர்மிய மொழியில் சொன்னேன்: "அண்ணன் போனதை உன்னிடம் நாங்கள் யாருமே சொல்லவில்லை. அது எங்கள் தப்பு. அன்றைக்கு நானும் கை தட்டினேன். உன்னை நினைக்கவில்லை."

அவன் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "அவருக்கு என் மேல் கோபமா?" என்று கேட்டான். தான் செய்த ஏதோ ஒரு தப்புக்காகத்தான் அவர் சொல்லாமல் போனார் என்று இந்தப் பிள்ளை இத்தனை நாள் நினைத்திருக்கிறது. இல்லை என்று சொன்னேன், அண்ணன் ஏன் போக வேண்டி வந்தது என்று அவனுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன். ஆச்சி எண்ணெயைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார்.

அந்த அண்ணனோடு பேசிவிட்டேன். வரும் ஞாயிறு வகுப்பில் பேசுகிறேன் என்றார். பழைய ரங்கூன்கார ஐயா சொன்னதுபோல் பதிவில் கடைசி வரியில் அவர் பேரையும் எழுதியிருக்கிறேன்.

பையன் வருவானா என்று கேட்டேன். கியுஷினை ஞாயிறு காலைக்கு மாற்றிவிட்டார்களாம், 11 மணிக்குத்தான் முடியுமாம். வகுப்பை 2 மணிக்கு வைக்கலாமா என்று மற்ற 13 வீட்டிலும் கேட்க வேண்டும். இன்று மூன்று வீடு முடிந்தது. போகிற வீட்டிலெல்லாம் பிள்ளையின் பர்மியப் பேரையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.